அறுபத்தொன்பதாவது குண்டு

ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் சேத்தூரைக் கடந்தால் தேவதானம். தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களை வரிசைப்படுத்திய மரபு, சங்கரன்கோவிலை நிலத்துக்கும், கரிவலம்வந்தநல்லூரை நெருப்புக்கும், தாருகாபுரத்தை நீருக்கும், தென்மலையைக் காற்றுக்கும் உரியனவாகக் கொண்டது. தேவதானத்து நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலை ஆகாயத்துக்கு வைத்தது. மற்ற நான்கையும் ஏதோ ஒரு கருவியால் அளந்துவிடலாம். ஆகாயம் எல்லா அளவுகளுக்கும் இடம் கொடுக்கிறது, தான் எந்த அளவுக்கும் உட்படுவதில்லை. ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது அந்த ஆகாயமே. அதற்குத் தூரம் என்று பெயரிட்டு, ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணுக்காகப் பெருமை கொள்கிறோம், வழக்காடுகிறோம், சில வேளைகளில் உயிரையும் எடுக்கிறோம். அந்த எண் எப்போது உண்மையாகிறது என்பதை நாம் நின்று யோசிப்பது குறைவு.

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு குழு, ரைஃபிளால் 4.4 மைல் தொலைவில் இருந்த இலக்கைத் தொட்டது. கஜத்தில் சொன்னால் 7,744. மீட்டரில் ஏறத்தாழ 7,081. குண்டு குழலை விட்டுக் கிளம்பி இலக்கைச் சேர ஏறக்குறைய 24 விநாடிகள் ஆயின. அவ்வளவு நேரமும் அது புவியீர்ப்புக்கும், காற்றுக்கும், வெப்பத்துக்கும், சுழலும் பூமிக்கும் உட்பட்டே பறந்தது. சுட்டவரின் கையில் அப்போது எதுவும் இல்லை. செய்த கணக்கு சரியா என்று அறியக் காத்திருப்பது மட்டுமே அவருக்கு மிஞ்சியது.

செய்தியில் இன்னோர் எண்ணும் இருந்தது. இலக்கைத் தொட்டது 69-வது குண்டு. முந்தைய 68 குண்டுகளும் தவறின. இதை அந்தக் குழுவினரே மறைக்காமல் சொன்னார்கள். உலகம் 4.4 என்ற எண்ணை நினைவில் வைத்தது, 69 என்ற எண்ணைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. எனக்கு இரண்டாவது எண்ணே பெரிதாகத் தோன்றுகிறது. முதல் எண் எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. இரண்டாவது எண் அந்தத் தூரத்தில் மனிதன் எவ்வளவு சிறியவன் என்றும், அந்தச் சிறுமையை ஒளிக்காமல் எழுதிவைக்கும்போது அவன் எவ்வளவு உயர்கிறான் என்றும் சேர்த்தே சொல்கிறது.

நெடுந்தூரச் சுடுதலில் அளவுகளைப் பற்றிய சச்சரவு பழையது. 1860 ஜூலை 2 அன்று லண்டனை அடுத்த விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுப் போட்டியைத் தொடங்கிவைத்தார். தாங்கியில் பொருத்தி வைத்திருந்த ரைஃபிள், 400 கஜத்துக்கு அப்பால் இலக்கின் நடுப்புள்ளிக்கு மிக அருகே தொட்டது. அந்த ரைஃபிளைச் செய்தவர் ஜோசப் விட்வொர்த். திருகாணிகளின் புரிகளுக்கு 1841-இல் ஒரு பொது அளவை வகுத்தவரும் அவரே. ஒரு பட்டறையின் திருகாணி இன்னொரு பட்டறையின் மரையில் பொருந்த வேண்டும் என்ற எண்ணமும், ஒரு குண்டு முன்னே சென்ற குண்டின் தடத்திலேயே செல்ல வேண்டும் என்ற எண்ணமும் ஒரே மனத்தில் பிறந்தவை. அன்று தொடங்கிய பிரிட்டிஷ் மரபு இன்றும் 300, 500, 600, 900, 1,000 கஜம் என்றே நடக்கிறது. ஒலிம்பிக்கில் 10 மீட்டர், 50 மீட்டர். அமெரிக்காவில் இரண்டு மைல் போட்டி.

இலக்குகளெல்லாம் முழு எண்களாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். 1,000 கஜம் என்பது 914.4 மீட்டர், மீட்டரில் வளர்ந்த எவரும் 914.4-ஐத் தம் வாழ்நாள் கனவாகக் கொள்ள மாட்டார். மலைக்கோ காற்றுக்கோ இரண்டு மைலில் எந்தச் சிறப்பும் இல்லை. நாம் ஏந்தும் கோலே நம் ஆசைகளுக்கு எல்லைக்கல் நடுகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்து நாம் எட்டும் உச்சி, யாரோ ஓர் அரசன் காலத்தில் முடிவு செய்த ஒரு கோலின் மடங்காக இருக்கிறது. வயதுக்கும் சம்பளத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நாம் வைத்திருக்கும் உச்சிகளும் இப்படி வந்தவையே.

திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை உருவாக்கிய 'வித்வன்சக்' என்ற பெரிய ரைஃபிள் 1,800 மீட்டர் எட்டும் என்பார்கள். அதன் ஒரு குழலின் அளவு 12.7 மில்லிமீட்டர். இந்த எண் எங்கிருந்து வந்தது? அது சரியாக அரை அங்குலம். நம் படைகள் பல்லாண்டு ஏந்திய 7.62 மில்லிமீட்டர் ரைஃபிளும் சரியாக ஓர் அங்குலத்தின் பத்தில் மூன்று பங்கு. பெயரளவில் மெட்ரிக், உடலளவில் அங்குலம். மறுபுறம் பார்த்தால், 1959 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள உடன்பாட்டின்படி ஒரு கஜம் என்பதே 0.9144 மீட்டர் என்றுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. மைலைக் கைவிடாத அமெரிக்காவும் 1893 முதலே தன் கஜத்தை மீட்டரைக் கொண்டு வரையறுத்து வருகிறது. மேலே இரு கொடிகள் பறக்கின்றன, கீழே ஒரே அடித்தளம். நம்மைப் பிரிப்பதாக நாம் நம்பும் பலவற்றின் கதை இதுவாக இருக்கலாம் என்று இங்கே மனம் ஓடுவது இயல்பு.

ஆனால் அந்த ஆறுதலோடு நின்றுவிடக் கூடாது. அளவு மாறும்போது உண்மை சேதப்படும் இடங்கள் உண்டு. 1967-இல் வியட்நாம் போரில் கார்லோஸ் ஹாத்காக் என்ற அமெரிக்க வீரர் சுட்ட தூரம் 2,500 கஜம் என்று பதிவாயிற்று. மீட்டரில் மாற்றி 2,286 என்று எழுதுகிறார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் 2,500 என்ற எண்ணைக் கேட்டதும், ஏறத்தாழ என்று நம் மனம் தானே சேர்த்துக்கொள்ளும். 2,286 என்றதும் ஒவ்வொரு மீட்டரையும் நாடா பிடித்து அளந்தது போன்ற ஒரு நம்பிக்கை வந்துவிடும். மாற்றியதால் துல்லியம் கூடவில்லை, துல்லியத்தின் தோற்றம் மட்டும் கூடிற்று. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 1856-இல் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. கணக்கில் சரியாக 29,000 வந்ததாகவும், உருண்டை எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள் என்று இரண்டு அடி கூட்டியதாகவும் ஒரு கதை உலவுகிறது. அது நடந்ததோ இல்லையோ, நம்மைப் பற்றி அது சொல்வது மெய். சில்லறை இலக்கங்களோடு வரும் எண்ணுக்கு நாம் எளிதில் தலைவணங்குகிறோம்.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. நெடுந்தூரம் சுடுபவர்கள் குறியை உயர்த்தித் திருத்துவது கோணத்தில். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை. 1,000 கஜத்தில் அது 10.47 அங்குலம். மனக்கணக்குக்கு வசதியாகப் பலர் 10 அங்குலம் என்றே வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கலைக்கு அரை அங்குலம்கூட இல்லாத சலுகை. ஆனால் அந்தத் தூரத்தில் 40 கலை உயர்த்த வேண்டியிருந்தால், சலுகை ஏறத்தாழ 19 அங்குலமாக வளர்ந்து நிற்கும். குண்டு இலக்கையே விட்டு விலகும். அருகில் சுடுபவனை இந்தப் பிழை ஒன்றும் செய்யாது. தொலைவுதான் சிறு பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது. வாழ்விலும் நாம் நமக்கே கொடுத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு சலுகைகள் அன்றாடத்தின் குறுகிய எல்லைக்குள் ஒன்றும் செய்யாதவை போலத் தோன்றி, ஆண்டுகளின் தூரத்தில், அதுவும் பெரும்பாலும் நம் பிள்ளைகளின் வாழ்வில் போய்த்தான் தம் முழு விலக்கத்தையும் காட்டுகின்றன.

கோணத்தை அளக்கும் இன்னொரு முறையும் உண்டு. மில்லிரேடியன், சுடுபவர்களின் வழக்கில் மில். கலையை அங்குலத்தின் பக்கத்திலும் மில்லை மீட்டரின் பக்கத்திலும் நிறுத்திப் பலர் வாதிடுகிறார்கள். உண்மையில் மில் எந்தப் பக்கமும் சேராது. அது ஆயிரத்தில் ஒரு பங்கு. 1,000 மீட்டரில் ஒரு மீட்டர், 1,000 கஜத்தில் ஒரு கஜம், 1,000 சாணில் ஒரு சாண். கோலை மாற்றினாலும் விகிதம் மாறுவதில்லை. அலகுகள் மனிதர் வகுத்தவை, விகிதம் மனிதர் கண்டெடுத்தது. அலகை மதிக்க வேண்டும், ஏனென்றால் அது நமக்குள் செய்த உடன்பாடு. விகிதத்துக்குப் பணிய வேண்டும், ஏனென்றால் அது நம் உடன்பாட்டைக் கேட்டு அமைந்ததில்லை.

இந்த விகிதத்தின் கல்வி நம் மண்ணில் துப்பாக்கி இல்லாமல் நடந்த காலம் ஒன்று உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாட்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானி வைத்துத் திருத்தம் செய்தபடியே அளந்தார்கள். அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கி, மலை உச்சிகளையும் கோபுரங்களையும் குறிகளாகக் கொண்டு, தெற்கே குமரிவரை வந்தார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. வேறு கருவி வரட்டும் என்று லாம்ப்டன் ஓயவில்லை, ஏறத்தாழ உள்ளதை எழுதி ஒப்பேற்றவும் இல்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து நெளிவை எடுத்தார். அந்த அளவை அந்நிய ஆட்சிக்கு வரி வாங்கவும் படை செலுத்தவும் உதவியது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. எனினும், தொலைநோக்கியின் குறுக்கிழையில் நெடுந்தொலைவுக் குறியைப் பொருத்தும் அதே கலை, அங்கே ஈயத்தை அனுப்பாமல் பார்வையை மட்டும் அனுப்பித் தூரத்தை வென்றது.

ஈயத்தை அனுப்புவதிலும் வேறுபாடு உண்டு. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். அந்த இலக்கின் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. கடைசிச் சுடுதலுக்கு முன் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் அவரும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 எடுத்தார், ஹாக்கினன் 9.7. இலக்குத் தாளில் அந்த வேறுபாடு மூன்று மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பிந்த்ராவின் மொத்தம் 700.5. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை சென்றதும் இதே 10 மீட்டரில்தான். அங்கே சுட்ட குண்டு ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். தவறியதை விட்டுவிட்டுத் தொட்டதை மட்டும் எடுத்துக்காட்ட வழியில்லை. பத்து மீட்டர் சிறிய தூரம். ஆனால் முழுமையாகப் பதிவான தூரம். 4.4 மைலுக்கும் பத்து மீட்டருக்கும் நடுவே எது பெரிய சாதனை என்று கேட்டால், தன் தோல்விகளையும் சேர்த்து எழுதிவைக்கும் எந்தச் சாதனையும் பெரியது என்பேன்.

போரின் பதிவுகளைப் பற்றி ஒரு சொல். 2009-இல் ஆப்கானிஸ்தானில் 2,475 மீட்டர், 2017-இல் ஈராக்கில் 3,540 மீட்டர் என்று செய்திகள் வந்தன, கஜத்திலும் மைலிலும் மாற்றி மாற்றி எழுதப்பட்டன. எந்த அலகில் எழுதினாலும் அந்தக் கோட்டின் மறுமுனையில் ஒரு மனிதன் இருந்தான். அவனுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நாட்டைக் காப்பவரின் கடமையை நான் குறைத்துப் பேசவில்லை. கடமையாகச் செய்த ஒன்றை விளையாட்டுப் பட்டியலில் ஏற்றி, முன்னவரை முந்திவிட்டார் என்று களிப்பதைத்தான் தவறு என்கிறேன். எண்ணின் வேலை உண்மையைக் காட்டுவது; ஓர் உயிரை மறைக்க அது உதவுமானால், எத்தனை இலக்கச் சுத்தமாக இருந்தாலும் அந்த அளவு பொய்யானது. தேவதானத்துக்கு மேற்கே உள்ள காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பெயரால் காக்கப்படுகிறது. ஒரு காலத்தில் வேட்டைத் துப்பாக்கிகள் ஏறிய மலைகளில் இன்று விலங்குகளைக் கேமராவால் எண்ணுகிறார்கள். அளப்பதற்காகக் கொல்ல வேண்டியதில்லை என்று நாம் காலம் கடந்தேனும் கற்றோம்.

அளவு யாருக்காக என்ற கேள்விக்கு நம் முன்னோர் கல்லிலேயே பதில் வைத்தார்கள். ராஜராஜன் காலத்தில் நிலம் அளந்த கோலுக்குப் பதினாறு சாண் நீளம். இடத்துக்கு இடம் கோல்கள் வேறுபட்டன, ஆகவே அந்தந்தப் பகுதியின் கோலைக் கோயில் சுவரிலேயே செதுக்கிவைத்தார்கள். வரி கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே சுவரின்முன் வந்து நின்று சரிபார்க்கலாம். கோயில் நிலங்களை முந்திரிவரை, அதாவது 320-இல் ஒரு பங்குவரை, அதற்குக் கீழேயும்கூடக் கணக்கிட்டார்கள். அரசனின் அதிகாரம் பெரிது. ஆனாலும் அவனுடைய கோல் எல்லோரும் வந்து தொட்டுப் பார்க்கக் கூடிய இடத்தில் இருந்தாக வேண்டும் என்ற இந்த எண்ணத்தில், வலியவனும் எளியவனும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டால்தான் அவர்களிடையே பேச்சு என்ற ஒன்றே நடக்க முடியும் என்ற அறம் அடங்கியிருக்கிறது. 1958 அக்டோபர் 1 முதல் படியும் சேரும் மணங்கும் படிப்படியாக விலகி லிட்டரும் கிலோவும் வந்தபோது நாடு தேடியதும் அந்தப் பொதுச் சுவரைத்தான்.

அந்த மாற்றம் நம் வயல்களில் இன்னும் முடியவில்லை. கிரையப் பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும், பட்டாவில் ஹெக்டேரும் ஏர்ஸும், பெரியவர்கள் வாயில் குழியும் மாவும். ஒன்றரை ஏக்கர் என்பது 60.70 ஏர்ஸ். அதை 60.50 என்று சுருக்கினால் மறைவது 20 சதுர மீட்டர், ஏறத்தாழ 215 சதுர அடி, ஒரு குடும்பம் படுத்துறங்கும் அறை. அண்ணன் தம்பிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறும் வழக்குகள் சிலவற்றில் யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். இருவரும் தத்தம் காகிதத்தில் உள்ள எண்ணை மெய்யென்று நம்பியிருப்பார்கள். எண்ணோடு அதன் அலகையும், எதிலிருந்து மாற்றியது என்பதையும், எங்கே சுருக்கியது என்பதையும் யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வீட்டில் இருக்கும் பத்திரத்தையும் பட்டாவையும் ஒரு நாள் எடுத்து அருகருகே வையுங்கள். ஒரு ஏர் 2.47 சென்ட் என்று கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால், பாகம் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல், உடன்பிறந்தோர் ஒன்றாக இருக்கும்போதே சர்வேயரை அழைத்துப் புலப்படத்தோடு அளந்து, இரு அலகுகளிலும் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு வையுங்கள்.